வீட்டார் கையெழுத்து

கணப்புக்காரரை நேரில் பார்த்தால் ஊரார் 'கணப்புக்காரரே' என்பார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் 'இன்னொருவாட்டி' என்பார்கள். இந்த இரண்டாவது பெயர் அவர் தன் வாயாலேயே தேடிக்கொண்டது. ஒரு வீட்டில் குளிர்காய விறகு எரிக்கும் கணப்பு வைத்து, அதைப் புகைபோக்கியோடு சேர்ப்பார். வேலை முடிந்தது என்று வீட்டிலுள்ளவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு நெருப்புக்காகக் காத்திருப்பார்கள். மனிதர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுவார், சுத்தியலைப் பையில் போடுவார், பையை மூடுவார். பிறகு மறுபடி முழங்காலிட்டு, "இன்னொருவாட்டி பாத்துடலாம்" என்பார். பார்த்து முடித்ததும், "எதுக்கும் இன்னொருவாட்டி" என்பார். அதற்குள் கைகளைத் தேய்த்தவர்கள் கம்பளியைத் தேடிப் போயிருப்பார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. ஒல்லி உடம்பு. புகைபோக்கிக்குள் தோள் நுழைய வேண்டும் என்பதற்காக உடம்பை அப்படி வைத்திருப்பதாக அவர் சொல்வார். சாப்பாட்டுக்கு நடுவில் யாராவது கூப்பிட்டால் கையைக் கழுவிக்கொண்டு ஓடுகிற பழக்கம்தான் காரணம் என்பது மனைவியின் கட்சி. இடது புருவம் பாதிதான் இருக்கும். மீதி எந்த வீட்டில் போயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். தெருவில் நடக்கும்போது கூரைகளைப் பார்த்தபடிதான் நடப்பார். யார் வீட்டில் ஈர விறகு எரிக்கிறார்கள், யார் வீட்டுப் புகைபோக்கி பெருக்கி மூன்று வருஷமாகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதிரே வரும் விளக்குக் கம்பம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

வேலைக்குப் போகும்போது கருவிப்பையோடு ஒரு நீள நோட்டும் கூடப் போகும். வீட்டுக்கு ஒரு பக்கம். புகைபோக்கியைப் பெருக்கியது, அதற்குள் மேலிருந்து எஃகுக் குழாய் இறக்கியது, கணப்புக்கும் மரச்சுவருக்கும் விட்ட இடைவெளி, கூரைக்கு மேல் நீட்டிய உயரம் எல்லாவற்றையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார். ஒன்று 'வேலை செய்தவர்', மற்றது 'வீட்டார்'. இரண்டிலும் கையெழுத்து விழும்வரை அந்த வீட்டில் விறகு அடுக்க விடமாட்டார். அந்த இரண்டாவது கையெழுத்துக்கு முன்னால்தான் ஒரு கூத்து நடக்கும்.

"நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க," என்பார். "கதவு ஜன்னல் சாத்தித்தான் இருப்பீங்களா? சாத்துங்க. சமைக்கிறப்ப எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவீங்களா? போடுங்க. துணி காயவைக்கிற மெஷின் இருக்கா? அதையும் ஓட விடுங்க. எனக்காக எதையும் மாத்தாதீங்க."

வீட்டிலுள்ளவர்கள் நாடகத்தில் நடிப்பவர்களைப் போல அங்கங்கே போய் நிற்பார்கள். அவர் செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, ஊதி அணைத்து, புகையும் நுனியைக் கணப்பின் வாய்க்குள் காட்டுவார். புகை மேலே போக வேண்டும். நூலளவு அறைப்பக்கம் திரும்பினாலும் வேலை மறுபடி ஆரம்பம். கொஞ்சூண்டு புகைதானே, இதற்கா இவ்வளவு என்று எவராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார்.

"புகை நல்லவன்ங்க. இருமவெச்சாவது எழுப்பிடுவான். அவன் கூடவே ஒருத்தன் வருவான். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்குறவங்களை எழுப்பாமலே கொண்டு போயிடுவான். புகை இந்தப் பக்கம் திரும்பிச்சுன்னா அவனும் இந்தப் பக்கம் திரும்புறான்னு அர்த்தம்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். அதனால்தான் ஊர் அவரைத் திட்டிக்கொண்டே அவரையே கூப்பிட்டது.

இந்தப் பெருமையெல்லாம் ஊராருக்கு. வீட்டில் இருந்த ஒரே மகளுக்கு அது பெரிய இம்சையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை 'இன்னொருவாட்டி பொண்ணு' என்றே அழைத்தார்கள். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்குமுன் ஒருமுறை சரிபார்த்தால்கூட பின்பெஞ்சில் சிரிப்புக் கேட்கும். அதனாலேயே சரிபார்க்காமல் கொடுத்து மார்க்கை விட்டிருக்கிறாள். அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல நடந்தது கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு முதன்முதலாகப் போனார்கள். சம்பந்தி ஆகப்போகிறவர் வரவேற்று உட்கார வைத்தார். இவர் உட்காரவில்லை. கூடத்துக் கணப்பைப் பார்த்தார், பக்கத்தில் போனார், கோட்டைக் கழற்றினார், தலையை உள்ளே விட்டார். பெரியவர்கள் பேச வேண்டியதையெல்லாம் அரை மணிநேரம் மனைவி ஒருத்தியே பேசினாள். கடைசியில் மூக்கு நுனியில் கரியோடு வெளியே வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "குழாயைத் தலைகீழா மாட்டியிருக்காங்க" என்பது.

சம்பந்தி திகைத்துப் போய், "புகை நல்லாத்தான போகுது?" என்றார்.

"புகை போகும். புகையோட சேர்ந்த தார் கீழ வழியணுமே? மேல் குழாயோட நுனி கீழ் குழாய்க்கு உள்ள இறங்கியிருந்தா அது வழிஞ்சு கணப்புக்குள்ளயே விழுந்து எரிஞ்சிடும். இங்க வெளிப்பக்கமா மாட்டியிருக்கு. மூட்டுக்கு மூட்டு தார் கசிஞ்சு நிக்குது பாருங்க. ஒரு நாளைக்கு அது பத்திக்கிட்டா கூரை மிஞ்சாது."

அன்றிரவு அந்த ஊரிலேயே தங்கி, மறுநாள் காலையில் போய் மொத்தக் குழாயையும் இறக்கித் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். கல்யாணம் நடந்தது. ஆனால் அன்று கூடத்து மூலையில் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்ற கோலத்தை அவர் பார்க்கவில்லை. அவர் தலைதான் வேறு இடத்தில் இருந்ததே.

ஊரெல்லாம் கணப்பு வைத்த இவர் வீட்டில் மட்டும் கணப்பு இல்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன் வாங்கிய வீடு. கூடத்துச் சுவரில் பழைய செங்கல் புகைபோக்கி ஒன்று உண்டு. வாய்க்குத் தகரம் அடித்து மூடி, தகரத்தின் மேல் ஒரு காலண்டரை மாட்டியிருந்தார். வருஷா வருஷம் காலண்டர் மாறியது, தகரம் மாறவில்லை. "இந்த சீசன் முடியட்டும்" என்பார். சீசன் முடிந்தால், "வெயில் காலத்துல கணப்பு எதுக்கு?" என்பார். மனைவி சின்ன மின்சார ஹீட்டர் ஒன்றை அறைக்கு அறை கையில் தூக்கிக்கொண்டு குளிர்காலங்களைக் கடத்தினாள்.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் கதையும் அதே கதைதான். அது நின்று மூன்று வருஷம். மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வந்து பார்க்கிறேன் என்றான். "என் வீட்டு ஃபேனை நான் பாத்துக்குவேன்" என்று இவர் முறுக்கிக்கொண்டார். மச்சினன் கை வைத்தால் அது தன் வீட்டிலேயே தான் தோற்ற மாதிரி என்று ஒரு நினைப்பு. ஆக ஃபேன் அப்படியே நின்றது, சமையலறையில் ஆவி நின்றது, மனைவி பொறுமையாக நின்றாள்.

அப்போதுதான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. இவர்கள் இரண்டுதடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்போது வீட்டுக்கு வருவாய் என்று போனில் கேட்டபோது, மகள் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை.

"அப்பா, அந்த வீட்டுல நான் பதினெட்டு வருஷம் கையுறை போட்டுக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதினேன். என் பொண்ணுக்கு அது வேணாம். நீங்க கணப்பு வைங்க, நான் வரேன்."

போனை வைத்த கையோடு காலண்டரைக் கழற்றினார்.

மூன்று வாரம் அவரைப் பிடிக்க முடியவில்லை. தகரத்தைப் பெயர்த்ததும் இரண்டு வாளி நிறையப் பழைய பறவைக்கூடு கொட்டியது. பெருக்கி முடித்துக் கீழே கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது மேலே வானம் தெரிந்தது. கூடவே செங்கல்லில் இரண்டு விரிசலும் தெரிந்தன. கூரையேறி, புது எஃகுக் குழாயை மேலிருந்து இறக்கினார். தரையில் கல் பதித்து, அதன்மேல் கணப்பை வைத்தார். மூட்டுகளை மேல் குழாயின் நுனி உள்ளே இறங்கும்படி மாட்டிப் பூசினார். மரப்பலகைச் சுவரிலிருந்து இடைவெளியை நான்குமுறை அளந்தார். குழாய்த் தலைக்கு வலைபோட்ட தொப்பி வைத்தார். விஷவாயு வந்தால் கத்துகிற கருவியைச் சுவரில் மாட்டினார். அதற்கு முந்தின வருஷமே குளிருக்கு அஞ்சி ஜன்னல் சட்டங்களுக்கெல்லாம் ரப்பர் ஒட்டியிருந்ததால், வீடு இப்போது காற்றுப் புகாத பெட்டி. அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

மகள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் மனைவி குழந்தைக்குத் தொட்டில் துணி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். இவரால் காத்திருக்க முடியவில்லை. கதவு ஜன்னல் சாத்தினார். செய்தித்தாளைச் சுருட்டிப் புகை காட்டினார். சொடுக்குப் போட்டாற்போல மேலே போயிற்று. இன்னொருவாட்டி காட்டினார். மறுபடி போயிற்று. உச்சி குளிர்ந்துபோய் நோட்டை எடுத்து, 'வேலை செய்தவர்' என்ற கோட்டில் கையெழுத்துப் போட்டார். வீட்டார் யார்? நான்தானே என்று இரண்டாவது கோட்டிலும் போட்டுவிட்டார். முப்பது வருஷத்தில் எந்த வீட்டிலும் செய்யாத காரியத்தைத் தன் வீட்டில் செய்தார். வேறு யார் செய்திருந்தாலும் அந்த ஆளை ஊர் முழுக்க நாறடித்திருப்பார்.

மறுநாள் காலை அவர் நல்ல காய்ந்த விறகு வாங்கப் போன நேரம் பார்த்து மனைவி தம்பியை வரவழைத்தாள். அவன் ஏணி போட்டு முக்கால் மணிநேரத்தில் ஃபேனைச் சரிசெய்துவிட்டு, மாமா கண்ணில் படாமல் பின்வாசல் வழியே போய்விட்டான். மகள் வந்ததும் போட்டுக் காட்டலாம், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று மனைவிக்கு ஆசை.

இரண்டு மணிக்கு மேசையைத் துடைக்கும்போது நோட்டு அவள் கண்ணில் பட்டது. திறந்து பார்த்தாள். கணப்பு முன்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"என்னங்க இது? ரெண்டு கோட்லயும் உங்க கையெழுத்தே இருக்கு?"

"நீ கடைக்குப் போயிருந்தே. அதான்..."

"அப்ப இந்த வீட்டுல நான் யாரு? வாடகைக்கு வந்தவளா? ஊர்ல ஒவ்வொரு பொம்பளையையும் சமையக்கட்டுல நிக்கவெச்சு, அது போடு, இது போடுன்னு சோதிப்பீங்க. கட்டின பொண்டாட்டி எனக்கு ஒரு தடவை காட்ட மாட்டீங்களா?"

"நாலு மணிக்குப் புள்ளை வந்துடும். விறகு அடுக்கியாச்சு."

"எடுங்க," என்றாள். "நானும் தினமும் எப்படி இருப்பேனோ அப்படி இருக்கேன்."

முணுமுணுத்துக்கொண்டே விறகை எடுத்தார். உள்ளுக்குள் சிரிப்புத்தான். காகிதத்தைச் சுருட்டினார், பற்றவைத்தார், ஊதினார், நீட்டினார். புகை மேலே போயிற்று. "பாத்தியா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். அங்கிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு மூன்று வருஷமாகக் கேட்காத இரைச்சல்.

கையிலிருந்த புகை நின்றது. தயங்கியது. பிறகு வளைந்து, நேரே அவர் முகத்துக்கு வந்தது. புகைபோக்கியிலிருந்து குளிர்காற்று இறங்கி அவர் பாதிப் புருவத்தில் பட்டது. ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. ரப்பர் ஒட்டிய ஜன்னல் வழியாக வேறு காற்று வர வழியில்லை. எனவே புகைபோக்கி வழியாக இழுக்கிறது. வேறு யார் வீடாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். இங்கே அதைக் கண்டுபிடிக்கப் புகை முகத்தில் வந்து அடிக்க வேண்டியிருந்தது.

வெற்றிச் சிரிப்போடு வந்த மனைவி, அறையில் புகையையும் கணவர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஃபேன் ஓடுதே," என்றார்.

"தம்பி சரிபண்ணினான். காலையில."

மச்சினன் பேரைக் கேட்டும் அவருக்குக் கோபம் வரவில்லை என்பதைக் கண்டதும்தான் அவளுக்குப் பயம் வந்தது. போய் ஃபேனை அணைத்தாள். புகை திரும்பி மேலே போயிற்று.

"நான் அதைத் தொடவே மாட்டேங்க," என்றாள். "மூணு வருஷம் ஃபேன் இல்லாம சமைக்கலியா? சுவிட்சு மேல தாளை ஒட்டிடறேன். புள்ளை ஆறு மணிநேரம் வண்டியில வர்றா. இன்னைக்குப் போய்..."

உண்மையைச் சொன்னால் அவர் மனசு அதற்கு இணங்கியது. ரெண்டு நாள்தானே. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். கத்துகிற கருவிதான் இருக்கிறதே. இந்தச் சமாதானங்களையெல்லாம் முப்பது வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு வீட்டிலும் முடியாது என்றிருக்கிறார். இப்போது அதே வார்த்தைகள் தன் மனசுக்குள்ளேயே ஓடுவதைக் கேட்டார். கணப்புக்குப் பக்கத்தில், கதகதப்பான இடம் பார்த்து, மனைவி தொட்டில் கட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கி, தான் போட்ட இரண்டு கையெழுத்தையும் அடித்தார். தாள் கிழிகிற மாதிரி அடித்தார்.

"உன் தம்பிக்குப் போன் போடு," என்றார். "அவன் வீட்டுல எல்லா ரூம்லயும் ஹீட்டர் இருக்கில்ல? புள்ளையும் குழந்தையும் இன்னைக்கு அங்க இருக்கட்டும்."

நாலு மணிக்கு வண்டி வந்து நின்றது. மகள் குழந்தையைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். மூன்று வாரம் கூரையேறி இறங்கியதெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். அவர் வாசலுக்கு வந்து, கதவைப் பின்னால் சாத்திவிட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் காது எரிந்தது.

"உள்ள வராதம்மா. மாமா வீட்டுக்குப் போயிடு. கணப்பு தயாராகல."

"நேத்து எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். ஃபேன் போட்டா புகை உள்ள திரும்புது. நான் ஃபேன் போட்டுப் பாக்கல. உங்கம்மா பாத்தா."

வண்டியிலிருந்து பையை இறக்கிய மாப்பிள்ளை அதை மறுபடி உள்ளே வைத்தார். மகள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். எந்த வீட்டு வாசலிலும் யார் முன்னாலும் தலை குனியாதவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டை நீங்களே ஃபெயில் பண்ணிட்டீங்களாப்பா?"

"ஆமா."

பின்வாசல் வழியே சுற்றி வந்த அம்மாவிடம் குழந்தையைக் காட்டினாள். அம்மா குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட பிறகு வண்டி மச்சினன் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர் கூரையைப் பார்க்காமல், வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்த மனிதர் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல.

விடிந்ததும் மச்சினன் சுவர் துளைக்கிற பெரிய மெஷினோடு வந்து சேர்ந்தான். சீண்டிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சரிப்படாது.

"ஃபேனை நான் தொடாம இருந்திருந்தா இவ்வளவு வேலை இருந்திருக்காது, இல்ல மாமா?"

"நீ தொடலைன்னா இன்னொரு நாள் இன்னொருத்தன் தொட்டிருப்பான். அன்னைக்கு அந்தத் தொட்டில்ல குழந்தை இருந்திருக்கும்," என்றார். பிறகு சுவரில் துளைக்கு அடையாளம் போட்டபடி, "ஃபேன் நல்லாத்தான் ஓடுது" என்றார். முப்பது வருஷ உறவில் மச்சினனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அவன் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நீ கேட்டியா?" என்று ஊரைக் கூட்டினான்.

இருவருமாக வெளிச்சுவரில் துளை போட்டு, வெளிக்காற்று நேரே கணப்புக்கு வரும்படி தனிக்குழாய் வைத்தார்கள். ஃபேனுக்கும் வெளிக்காற்று வர, சமையலறைச் சுவரில் மூட முடியாத சாளரம் ஒன்று வைத்தார்கள். பதினொரு மணிக்கு மனைவி சமையலறையில் நின்று ஃபேன் போட்டாள். புகை மேலே போயிற்று. நான்குமுறை போட்டு அணைத்தாள், நான்குமுறையும் மேலேதான் போயிற்று. புதுப்பக்கத்தில் 'வீட்டார்' கோட்டில் அவள் நிதானமாக, முழுக் கையெழுத்தாகப் போட்டாள்.

மத்தியானம் மகள் வந்தாள். விறகு அடுக்கியிருந்தது, தீப்பெட்டி தயாராக இருந்தது. "வாம்மா" என்று கதவை அகலத் திறந்தார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"சோதிச்சாச்சாப்பா?"

"ஆச்சு. அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. இந்தா பாரு," என்று நோட்டை நீட்டினார்.

அவள் நோட்டை வாங்கவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருவாட்டி," என்றாள்.

மச்சினன் சிரிக்கப் போய், அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். கணப்புக்காரர் மகளை ஒரு நிமிஷம் பார்த்தார். கண் கலங்கியது, கரி பட்டுவிட்டது என்று சொல்லத் தோதாகக் கையில் கரியும் இருந்தது. முழங்காலிட்டு, விறகை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். யாரும் சொல்லாமலே மனைவி சமையலறைக்குப் போய் ஃபேனைப் போட்டாள். மாப்பிள்ளை ஜன்னல்களைச் சரிபார்த்தார். மகள் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று பார்த்தாள். சுருட்டிய காகிதத்தைப் பற்றவைத்து, ஊதி, நீட்டினார். புகை நேரே மேலே போயிற்று.

"எதுக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"போதும்ப்பா, குழந்தைக்குக் குளிருது," என்றாள் மகள்.

முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. விறகை மறுபடி அடுக்கிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார்.